அளவு சொல்பவள்

என் மனைவி சுகிர்தாவின் காரியங்கள் முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய அன்று, கடுகண்ணாவையில் மத்தியானமே இருட்டிக்கொண்டு மழை பெய்தது. மூடுபனி வீதிவரை இறங்கியிருந்தது. ஹாஷிம் நானாவின் மின்சார மீட்டர் திருத்தும் கடை ஒரு பழைய வீடு. சுவரெல்லாம் ஈர வாடை. ஜன்னலில்லாத பின்னறையில் சோதனை மேசை. அங்கேதான் நானும் அவளும் வேலை செய்தோம்.

"வாங்க கஜேந்திரன். சாப்பிட்டீங்களா?"

"ம்."

"பொய். மொகம் எரிஞ்ச போர்ட் மாதிரி ஈக்கி." அவரே சிரித்தார், அவரே நிறுத்திக்கொண்டார். "தொழுதுட்டு வாறன். அது வரைக்கும் சக்கரத்துல கை வெக்க வாணாம். தனியச் செய்ற வேல இல்ல இது."

கழற்றிய மீட்டர் போர்டைச் சோதிக்க இருவர் வேண்டும். ஒருவர் வோல்ட் ஏற்றும் சக்கரத்தைத் திருப்புவார். புகை வருகிறதா என்று பார்க்க, அவர் கண் போர்டை விட்டு விலகக் கூடாது. மற்றவர் பின்னால் நின்று, சுவரிலிருக்கும் அளவுமானியின் முள்ளைப் பார்த்து எண்ணைச் சொல்வார். வீட்டுக்கு வரும் மின்சாரம் இருநூற்று முப்பது வோல்ட். எங்கள் போர்டுகள் இருநூற்று எழுபத்தாறு வரை தாங்கும். அதற்கு மேல் போனால் காப்புச் சில்லு வெடிக்கும். திறந்த போர்டில் எங்கும் மின்சாரம் ஓடும். குனிந்திருப்பவன் போய்ச் சேரலாம். எல்லையில் "போதும்" என்று சொல்வது பின்னால் நிற்பவரின் பொறுப்பு.

எனக்குப் பின்னால் நின்றவள் சுகிர்தா. காய்ச்சலோடு ஆஸ்பத்திரி வார்டுக்குப் போனவள் திரும்பவில்லை.

நானா போனார். சும்மா இருக்க முடியவில்லை. ஒரு போர்டை இணைத்தேன். கொஞ்சம் ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்கலாம் என்று சக்கரத்தைத் தொட்டேன்.

"அம்பது."

என் கை நின்றது.

தகரத்தில் மழை. வேறு சத்தமில்லை.

மெல்லத் திருப்பினேன்.

"நூறு."

ஆஸ்பத்திரி ஸ்பிரிட்டின் மணம் வந்தது. போர்டு துடைக்க நாங்களும் அதைத்தான் வைத்திருந்தோம். ஆனால் அதற்கடியில் அவள் தலைமுடியின் மணம் இருந்தது.

திரும்பினால் போய்விடுவாள் என்று தோன்றியது. சக்கரம் நகர்ந்தால் மட்டுமே குரல் வந்தது. எல்லை வந்ததும் "போதுங்க" என்பாள். அதோடு எல்லாம் முடிந்துவிடும். அதனால் மயிரிழை மயிரிழையாகத் திருப்பினேன்.

"இருநூறு... இருநூத்திப் பத்து..."

"சுகி," என்றேன்.

"கண்ண எடுக்காதீங்க. இருநூத்தி முப்பது."

அந்த அதட்டல் அவளுடையதுதான்.

போர்டு முனகத் தொடங்கியது. அதன் சிறிய சிவப்பு விளக்கு வெளுத்தது. என் பிடரியில் குளிர் பட்டது.

"இருநூத்தி முப்பத்தஞ்சு. இன்னுங் கொஞ்சம். கிட்டக் குனிஞ்சு பாருங்க."

குனிந்தேன்.

காப்புச் சில்லின் விளிம்பு கருகிக்கொண்டிருந்தது. இருநூற்று முப்பத்தைந்தில் எந்தப் போர்டும் கருகாது.

திரும்பிப் பார்த்தேன்.

சுவரருகே யாருமில்லை. முள் இருநூற்றுத் தொண்ணூறில் நின்றது.

சுகிர்தா ஒருநாளும் அளவைத் தவறாகச் சொன்னதில்லை.

சில்லு வெடித்தது. கன்னத்தில் ஏதோ சுட்டது. விளக்குகள் அணைந்தன.

இருட்டில், என் காதோடு:

"இருநூத்தி நாப்பது."

தடதடவென்று நானா ஓடி வந்தார். கையில் போன் டோர்ச்.

"சொன்னாக் கேக்க மாட்டீங்களே!" சோதனை மேசைக்கு மின்சாரம் வரும் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினார். பிறகு அறையின் மூலைகளைப் பார்த்தார். குரல் தாழ்ந்தது. "பொம்புளக் கொரல் ஒண்டு எண்ணுறது கேட்டிச்சே. யாரு தம்பி வந்த?"

அளவுமானி இருந்த சுவரைக் காட்டினேன்.

டோர்ச் வெளிச்சம் சுவருக்குப் போனது. முள் ஏறிக்கொண்டிருந்தது.

பிளக் நானாவின் கையில் தொங்கியது.

"எறக்குங்க," அவர் மூச்சு வாங்கியது. "சக்கரத்த எறக்குங்க தம்பி."

பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவர இருட்டில் கையை நீட்டினேன்.

சக்கரத்தின் மேல் ஏற்கெனவே ஒரு கை இருந்தது. சேலைன் ஊசிக்கு ஒட்டிய பிளாஸ்டர் அதில் இன்னும் ஈரமாக இருந்தது.