ட்ரெவெனாவின் விசில்

ஹெஸ்டரின் வீட்டு வாசலில் காரை நிறுத்தியபோது காலை மணி பத்து. கடல் தெரியவில்லை. மார்ச் மாதத்தில் எங்கள் கரையில் சில நாள் இப்படித்தான். மூடுபனி வந்து உட்கார்ந்துவிட்டால் மதியம் வரை எழுந்திருக்காது. ஒரு கையில் கேக் டப்பா, இன்னொரு கையில் ரம் பாட்டில். படிக்கட்டைப் பார்த்ததுமே என் முட்டி இரண்டும் முனகின. ஐம்பத்தாறாவது வருடமாக இந்தப் படிகளை ஏறுகிறேன்.

"வந்துட்டியா லெஸ்? இந்தத் தடவையும் பேஷன்ஃப்ரூட் கேக்தானா? உலகத்துல வேற கேக்கே இல்லையா?"

"வேற எதைக் கொண்டு வந்தாலும் நீங்க தொட மாட்டீங்களே."

வீடு முழுக்க அட்டைப் பெட்டிகள். வீட்டை விற்றாகிவிட்டது. அடுத்த திங்கட்கிழமை ஹெஸ்டர் முதியோர் இல்லத்துக்குப் போகிறாள். கடலிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர் உள்ளே, மேய்ச்சல் நிலங்களுக்கு நடுவில்.

"அடுத்த வருஷம் அங்க வந்து, ஜன்னல் வழியா மாட்டைப் பாத்து ரம்மை ஊத்து," என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவளுடைய தம்பி நீல் ட்ரெவெனா கடற்படை விமானி. 1968 மார்ச் பன்னிரண்டு, பயிற்சிக்காகத் தனியாகப் பறந்தவன், காலை பத்து நாற்பதுக்கு ரேடியோவில் ஒரே ஒரு தடவை பேசினான். எஞ்சின் நின்றுவிட்டது, குதிக்கிறேன் என்றான். அதோடு சரி. உடல் கிடைக்கவில்லை. ஒவ்வொரு வருடமும் அதே நேரத்துக்கு அவளுடைய வராந்தாவில் கடலைப் பார்த்து ஒரு நிமிடம் நிற்போம். பிறகு ஒரு மூடி ரம்மைக் கீழே ஊற்றுவோம். முதலில் நீலின் சிநேகிதர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். அப்புறம் ஒவ்வொருவராகக் குறைந்து, நாங்கள் இரண்டு பேர் மிஞ்சினோம்.

எனக்கு எவ்வளவு விசுவாசம் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். விசுவாசமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. பயம். இந்த வருடமாவது அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று வருவேன், கேக்கை வெட்டித் தின்றுவிட்டுத் திரும்பிப் போவேன். அவள் வீட்டைக் காலி செய்துவிட்டால் அப்புறம் சொல்லவே மாட்டேன் என்பது எனக்குத் தெரியும்.

பத்து நாற்பது. ஹெஸ்டர் காதிலிருந்த மெஷின் இரண்டையும் கழற்றி மேஜையில் வைத்தாள். சும்மா நிற்பதற்கு எதற்கு பேட்டரி என்பாள். வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பனியில் கடற்பாசி அழுகிய வாடை. அலைச் சத்தம்கூட அடங்கியிருந்தது.

ஃபூ… ஃபூ… ஃபூ…

மூன்று தடவை. அப்புறம் ஒரு இடைவெளி.

ஃபூ… ஃபூ… ஃபூ…

வருடா வருடம் கேட்கிற சத்தம்தான். எனக்கு மட்டும்தான் கேட்கிறது என்று நினைத்திருந்தேன்.

"இந்தப் பெருமூச்சை நிறுத்தேன், லெஸ்," என்றாள் ஹெஸ்டர்.

நான் மெதுவாகத் திரும்பினேன். மெஷின்கள் மேஜை மேல்தான் கிடந்தன.

"உங்களுக்குக் கேக்குதா?"

அவள் என் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். "வருஷா வருஷம் கேக்குது. நீதான் துக்கம் தாங்காம மூச்சு விடறேன்னு நினைச்சேன்."

"நான் இல்லை."

சட்டைப்பையிலிருந்து அதை எடுத்து அவள் கையில் வைத்தேன். பித்தளை விசில். அடியில் வெட்டிய கயிற்றுத் துண்டு.

மெஷினைத் திரும்ப மாட்டச் சொல்லிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அப்போது எனக்கு இருபது வயது. விமானிகளின் பாராசூட்டையும் லைஃப் ஜாக்கெட்டையும் சரிபார்த்து மடித்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. தளத்தில் சனிக்கிழமை ஃபுட்பால் மேட்ச், நான் நடுவர். விசில் கிடைக்கவில்லை. கைக்கு எட்டிய ஜாக்கெட்டில் கட்டியிருந்ததை அறுத்து எடுத்துக்கொண்டேன். திங்கட்கிழமை திரும்பக் கட்டிவிடலாம் என்றுதான் எடுத்தேன். திங்கட்கிழமை மறந்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று அட்டையில் கையெழுத்துப் போட்டேன். செவ்வாய்க்கிழமை ட்ரெவெனா அந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு பறந்தான்.

"தேடப் போன படகுல நானும் இருந்தேன், ஹெஸ்டர். இதே மாதிரி பனி. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை எஞ்சினை நிறுத்தி, மூச்சை அடக்கிக்கிட்டுக் கேப்போம். ஒரு இடத்துல இந்தச் சத்தம் வந்துச்சு. டால்ஃபின் மூச்சு விடுதுன்னாரு படகு ஓட்டினவர். ஆள் இருந்தா விசில் ஊதியிருப்பான், ஜாக்கெட்லதான் விசில் இருக்கே, அப்படின்னாரு. எஞ்சினைப் போட்டுட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

"எதுவும் சொல்லலை. விசில் என் பையில இருந்துச்சு."

ஹெஸ்டர் விசிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஐம்பத்தாறு கேக் கொண்டு வந்திருக்கே," என்றாள் கடைசியில். விசிலை என் கையில் வைத்து விரல்களை மூடினாள். "கொண்டு போய்க் கொடு."

"யார்கிட்ட?"

"யாரோடதை எடுத்தியோ அவன்கிட்ட."

மணலில் இறங்கினேன். திரும்பிப் பார்த்தால் வீடு இல்லை, முன்னால் பார்த்தால் கடல் இல்லை. செருப்போடு தண்ணீருக்குள் நடந்தேன். கணுக்கால். முட்டி.

ஃபூ… ஃபூ… ஃபூ…

பக்கத்தில்.

இன்னும் பக்கத்தில். கன்னத்தில் ஈரக் காற்று பட்டது.

உள்ளங்கையை நீட்டினேன். கண்ணை இறுக மூடிக்கொண்டேன், பொய் சொல்வானேன்.

சில்லிட்ட விரல்கள் கையைத் தொட்டன. வெகுநேரம் தண்ணீரில் ஊறிச் சுருங்கிய விரல்கள்.

கை காலியானது.

அப்புறம் பனியைக் கிழித்துக்கொண்டு நீளமாக ஒரு விசில்.

"நீல்!" என்று வராந்தாவிலிருந்து ஹெஸ்டர் அலறினாள்.

மதியம் பனி விலகியபோது கடல் வெறுமையாக, தட்டையாகக் கிடந்தது. ஹெஸ்டர் கேக்கை வெட்டாமலே என் கையில் திருப்பிக் கொடுத்தாள். மன்னிப்பதாகவும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாகிவிட்டது, இனி தூங்கலாம் என்று நினைத்தேன். அவ்வளவு களைப்பாக இருந்தது எனக்கு.

அடுத்த வாரம் முதியோர் இல்லத்திலிருந்து போன் வந்தது.

"ஊதிக்கிட்டே இருக்கான், லெஸ். மெஷினைக் கழட்டினா போதும், கேக்குது."

"அங்கயா? அங்க மாடுதானே இருக்கு?"

"விளையாடாதே. விசில் கேட்டா என்ன செய்யணும்னு கடற்படையில உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பாங்களே, என்ன அது?"

"பதில் குரல் கொடுக்கணும். சத்தம் வர்ற பக்கமாப் போகணும். ஆளைப் பாக்கற வரைக்கும் திரும்பக் கூடாது."

"அப்ப போ."

அன்றிலிருந்து தினமும் காலையில் அதே கரைக்குப் போகிறேன். கேட்குது என்று கத்துவேன். விசில் கொஞ்சம் தள்ளிப் போகும். நானும் கொஞ்சம் உள்ளே போவேன். என் கால்கள் மரத்துப் போகும்வரை நின்றுவிட்டு, ஆளைப் பார்க்காமலே திரும்புவேன். வீட்டுக்கு வந்ததும் போன் அடிக்கும்.

"எதுவரைக்கும் போனே?"

"இடுப்பு வரைக்கும்."

"நாளைக்கு இன்னும் கொஞ்சம் போ."

நேற்று மார்பு வரை போனேன். அதைச் சொன்னதும் ஹெஸ்டர், பல வருடங்களுக்கு முன்னால் பேசுவாளே அந்த அன்பான குரலில், "லைஃப் ஜாக்கெட் போட்டுக்கிட்டுப் போப்பா. விசில் இருக்கான்னு பாத்துக்கோ," என்றாள்.

டவுனில் போய்ப் புது ஜாக்கெட் வாங்கினேன். ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் விசில், கயிற்றில் கட்டியிருந்தது. கடையிலேயே ஊதிப் பார்த்தேன். பழைய வேலைப் பழக்கம், மூன்று தடவை சரிபார்த்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினேன்.

இன்று காலை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

கயிறு மட்டும் தொங்குகிறது. நுனி கத்தியால் அறுத்தது போல இருக்கிறது. தொட்டுப் பார்த்தேன், ஈரம்.

வெளியே பனி. அவன் கூப்பிடுகிறான்.