இணைந்தவை: மூன்று

நிமிடத்துக்குத் தொண்ணூற்றாறு அடி என்று வைத்த வேகம் தொண்ணூற்று நான்கில் நின்றது.

அவள் கையே வைக்கவில்லை. மதிய வெயில் ஜன்னல் திரையில் மஞ்சளாய் ஊறிக்கொண்டிருக்க, மின்விசிறி கரகரக்க, சூடேறிய லேப்டாப்பிலிருந்து லேசாக பிளாஸ்டிக் வாடை கிளம்ப, ஹெட்போனுக்குள் தாளம் மட்டும், யாரோ சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுப்பதுபோல் தளர்ந்துகொண்டே போனது.

தாளச் செயலி அவள் எழுதியது. மெட்டுச் செயலி அவள் கணவன் எழுதியது. இரண்டையும் ஒரே வேகத்தில் ஓட்டும் இணைப்பு நிரலை இருவரும் சேர்ந்து எழுதி, யாரும் படிக்கலாம், யாரும் திருத்தலாம் என்று இணையத்தில் இலவசமாகப் போட்டிருந்தார்கள். அதில் தலைமை என்று எதுவும் கிடையாது. கடைசியாக யார் வேகத்தை மாற்றினாலும் மற்றவை அப்படியே பின்தொடரும். கல்யாணமான புதிதில் அவள் அடம்பிடித்து வைத்த விதி.

திரையின் மூலையில், 'இணைந்தவை: 3'.

இரண்டுதானே இருக்கணும்?

மெட்டுச் செயலியை மூடினாள். 2. வைஃபையை அணைத்தாள். அப்போதும் 2. தாளச் செயலி ஒன்றுதானே மிச்சம்?

கணவனுக்கு போன் போட்டாள்.

"என்ன ரயிலு, அதுக்குள்ள தேடுதா?" அவள் நடையும் பேச்சும் படுவேகம் என்பதால் அவன் வைத்த பட்டப்பெயர்.

"இணைப்புல எதையாவது நோண்டினியா?"

"சின்னத் திருத்தம். குறிப்பு எழுதியிருக்கேனே. குறிப்பு எழுதாம நான் எதையாவது மாத்தியிருக்கேனா?"

உண்மைதான். ஒரு காற்புள்ளியை எடுத்தால்கூடக் காரணம் எழுதுகிற ஆள். இன்று காலைதான் புதுப் பதிப்பை இறக்கியிருந்தாள். அதோடு இறங்கியிருந்த திருத்தப் பட்டியலைத் திறந்தாள். மேல் வரி, அவன் பெயரில்.

'மூன்றாவதாக மனைவி சேர்க்கப்பட்டாள். சோதனை வெற்றி.'

தேதி, மூன்று வாரத்துக்கு முன்.

மூன்று வாரமாகத்தான் படியேறினால் அவளுக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறது. "ஒண்ணுமில்ல, அலுப்பு, தூங்கு" என்று தலையைக் கோதிவிட்டது இவன்தான்.

மணிக்கட்டில் விரல் வைத்தாள். ஹெட்போனில் ஓர் அடி. விரலுக்கடியில் ஓர் அடி. இம்மியும் பிசகவில்லை.

எண்பது.

வேகம் கூட்டும் விசையை அழுத்தினாள். நூறு. நெஞ்சு திமிறியது. மூச்சு வந்தது. மறுகணம் எழுபது.

"விளையாடாதப்பா... ப்ளீஸ்."

"உன் வேகத்துக்கு என்னால ஓட முடியலடி." குரலில் கோபமே இல்லை. "எத்தனை தடவை சொன்னேன்? சிரிச்சே."

சிரித்தாள்தான். ஜோக் என்று நினைத்து.

போனில் ஒரு சத்தம். விரலால் மேஜையைத் தட்டுகிறான்; அந்தத் தட்டுகளின் இடைவெளிக்கே வேகம் இறங்கியது.

டக்.

அறுபது.

விசையை விடாமல் அழுத்திப் பிடித்தாள். எண் ஏறவில்லை. கடைசியாக மாற்றுகிறவன் அவனாகவே இருந்தான்.

டக்.

நாற்பது. உள்ளங்கை ஜில்லிட்டது. அறையின் ஓரங்கள் கறுத்தன.

"நான் சொல்றதைக் கேளுப்பா... நான்தானே..."

டக்.

அப்புறம் மறுமுனையில் நாற்காலி பின்னால் நகரும் ஓசை. காலடிகள். அவசரமில்லாமல், விலகிப் போகும் காலடிகள். கதவு.

மணிக்கட்டில் விரலை அழுத்தியபடி, அடுத்த தட்டுக்காக அவள் காத்திருந்தாள்.