பச்சோந்தி பார்த்த இடம்

இந்தக் கிளை மட்டும் ஏன் இன்னும் சூடாகவில்லை?

ஹைங்கோ இதை வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்பதற்கு வீட்டில் நாலு வயது மகள் மியாலியைத் தவிர ஆளில்லை. கணவன் டோவோ வெட்டி வந்த ஐந்து கிளைகளும் ஈரம் காய்வதற்காக இரண்டு நாளாய்க் கரியடுப்பின் பக்கத்திலேயே சாய்ந்திருந்தன. நான்கு கிளைகள் கைக்கு வெதுவெதுப்பாக இருந்தன. ஐந்தாவது, இருப்பதிலேயே தடித்தது, நிழலில் கிடந்த கல்லைப் போலச் சில்லென்றிருந்தது. அதைச் சுற்றியிருந்த கொடியில் ஓர் இலைகூட வாடவில்லை.

கிளைகள் ஒரு பச்சோந்திக்காக; டோவோவைக் கார் ஓட்ட வைத்திருந்த வெளிநாட்டு டாக்டரம்மா ஊருக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போனது அது. பச்சோந்தி கெட்ட சகுனம் என்று அந்தானானாரிவோவில் வேறு யாரும் அதை வீட்டுக்குள் சேர்த்திருக்க மாட்டார்கள். கீழ்வீட்டுப் பெண் இரண்டு நாளாகப் படியேறி வந்து பேசுவதையே நிறுத்திவிட்டாள். ஆள் உயர வலைக்கூண்டு இன்று காலைதான் வந்து சேர்ந்தது. அதுவரை அந்தப் பிராணி மூடிய கூடைக்குள் கிடந்தது. இருட்டுவதற்குள் அதைக் கூண்டில் ஏற்றிவிட வேண்டும்.

டாக்டரம்மா சொல்லியிருந்தபடியே ஹைங்கோ செய்தாள். கிளைகள் நிமிர்ந்து நிற்கக் கூடாது, குறுக்கே படுக்க வேண்டும். அதன் விரல்கள் கவ்விப் பிடிக்கிற பருமனில் சில, அதைவிடத் தடிப்பாக ஒன்று. கூண்டின் சூட்டு விளக்கிலிருந்து ஒரு சாண் கீழே மேல்கிளை. கிளைக்குக் கிளை பாலம்போலக் கொடி. ஒவ்வொரு மூட்டையும் ராஃபியா பனை நாரால் இறுக்கினாள்.

குளிர்ந்த கிளையின் பட்டை வெடிப்பில் பழுப்பாக ஒரு நூல் தெரிந்தது. காட்டுப் பட்டுப்புழு கட்டிய கூட்டின் மிச்சம் என்று சொல்லிக்கொண்டாள். இழுத்தாள். அது முழம் முழமாக வந்தது, முறுக்கேறிய நூலாக, தறியில் ஏறி இறங்கிய நூலாக. இரண்டு குளிர்காலத்துக்கு முன் கல்லறையைத் திறந்து, மாமியாரின் எலும்புகளை மடியில் வைத்துப் புதுப் பட்டுத்துணி சுற்றியபோது விரலில் பட்ட அதே சொரசொரப்பு. அடுப்பில் போட்டாள். முடி கருகும் வாடை எழுந்து, சன்னலைத் திறந்த பிறகும் போகாமல் நின்றது.

"அந்தக் கொடியை அங்க மாட்டும்மா," என்று தடித்த கிளையைக் காட்டினாள்.

மியாலி அசையவில்லை. அம்மாவின் நீட்டிய விரலையே பார்த்தாள்.

"விரல மடக்கித்தானே காட்டணும்?"

"அது கல்லறையக் காட்டுறப்பதான்டி. கிளைக்கு இல்ல."

"இது கல்லறை மேலதானே இருந்துச்சு. அப்பா ஏறி வெட்டினாரு. உங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னாரு."

ஹைங்கோ விரலை மெல்ல மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

டோவோவுக்குப் போன் செய்தாள். அவன் சிரித்தான். பச்சோந்திக்குக் கட்டில் போட்டு முடித்தாயா, முடித்தால் நம் கட்டில் ஆடுகிறதே, அதையும் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டு என்றான். அவள் சிரிக்காமல் கல்லறையைப் பற்றிக் கேட்கவே குரலை இறக்கினான்.

"அது யாருமில்லாத கல்லறை, ஹைங்கோ. வம்சமே இல்ல. கதவுக்கல்லு விழுந்து எத்தனையோ வருஷம். யாரு வந்து கேக்கப் போறா?"

அதுதான் அவளை உலுக்கியது. செத்தவர்களுக்குக் குளிரெடுத்தால் சொந்தக்காரர் கனவில் வந்து சொல்வார்கள். வீட்டார் கூடிக் கல்லறையைத் திறந்து புதுத்துணி போர்த்துவார்கள். கனவு காண ஒருவர்கூட மிஞ்சாதவர்கள் யாரிடம் போய்ச் சொல்வார்கள்?

கிளையைப் பிடுங்கி எறிந்துவிட நினைத்தாள். ஆனால் மியாலி அதற்குள் கூடையைத் திறந்துவிட்டிருந்தாள். பச்சோந்தி தானாகவே வெளியே வந்து, ஆடி ஆடி, ஒவ்வொரு காலாக எடுத்து வைத்துக் கொடியில் ஏறி, குளிர்ந்த கிளையைக் கவ்விக்கொண்டது.

மணி நாலுகூட ஆகவில்லை. மூடுபனி சன்னல்வரை வந்துவிட்டது. மின்சாரம் போனது. கூண்டு விளக்கு அணைந்து, அதன் கம்பி சிறிது நேரம் சிவந்திருந்து கறுத்தது.

பச்சோந்தியின் கண்கள் தனித்தனியாகத் திரியும். ஒன்று கூரையைப் பார்க்கும்போது மற்றொன்று தரையைத் துழாவும். இரையைக் கண்டு தூரம் அளக்கும்போது மட்டும் இரண்டும் ஒன்றாகத் திரும்பும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள்.

இப்போது இரண்டும் ஒன்றாகத் திரும்பின. வாசல் பக்கம்.

வாசலில் ஈ, எறும்பு இல்லை.

பச்சோந்தியின் பச்சை மங்கிப் பழுப்பாகி, விலாவில் கரும்பட்டைகள் எழுந்தன. கண்கள் இம்மியளவு நகர்ந்தன. தண்ணீர்க்குடம். குடத்துக்குப் பக்கத்தில் எதுவும் இல்லை. கண்கள் மறுபடி நகர்ந்தன. பாயின் ஓரம். பாயில் மியாலி.

மகள் முழங்காலைக் கட்டிக்கொண்டு பக்கத்து வெற்றிடத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இவருக்குக் குளிருதாம்."

ஹைங்கோ பாய்க்கு ஓடினாள். லம்பாப் போர்வையை உருவி, மகளை வாரி முதுகில் போட்டு, இரண்டு முனையையும் மார்பில் இறுக்கி முடிந்தாள். அவளைச் சுமந்துகொண்டு படியிறங்கிவிட்டால் போதும். கீழ்வீட்டில் ஆள் இருக்கிறது. அடுப்பு இருக்கிறது.

வாசலுக்குத் திரும்பும்போது கூண்டைக் கடக்க வேண்டியிருந்தது.

பச்சோந்தி முழுக்கக் கறுத்திருந்தது. இரண்டு கண்களும் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்குச் சற்றுப் பின்னால் பார்த்தன.

போர்வை கனத்தது.

இடுப்பின் இடப்பக்கம் ஒரு குட்டிப் பாதம். தெரிந்த பாதம். வலப்பக்கம் இன்னொன்று. அதுவும் தெரிந்ததுதான்.

நடுமுதுகில் மூன்றாவது.

நீளமானது. சதை இல்லாதது. ரவிக்கையைத் தாண்டிச் சில்லென்று பதிந்தது.

முடி கருகும் வாடை.

கல்லறையில் ஒரே துணியில் சேர்த்துச் சுற்றப்பட்டவர்களை யாரும் மறுபடி பிரிப்பதில்லை. அவள் அதைக் கண்ணால் கண்டிருக்கிறாள்.

"அம்மா." மியாலியின் குரல் காதோரம் தூக்கக் கலக்கமாக வந்தது. "முடிச்சக் கொஞ்சம் தளர்த்தணுமாம். அவரு இன்னும் முழுசா உள்ள வரலையாம்."

மார்பில் முடிச்சு தானாக அசைந்தது. ஒரு முனை மெல்ல, பொறுமையாக, பின்பக்கம் இழுபட்டது.

ஹைங்கோ இரண்டு கைகளாலும் அதைப் பொத்திப் பிடித்தாள். எதிரே பச்சோந்தி அவள் காதுக்குப் பின்னாலிருந்து கண்ணை எடுக்காமல் வாயைத் திறக்க ஆரம்பித்தது.

"முடியாதுங்க," என்றாள், பெரியவர்களிடம் பேசுகிற மெல்லிய குரலில். "தளர்த்த மாட்டேன்."