சீனி போட்ட மீன்குழம்பு

வெள்ளிக்கிழமை மதியக் காட்சி ரெஜினாவுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பூசை மாதிரி. இரண்டில் எதை விட்டாலும் அந்த வாரம் விளங்காது. தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் படகு பேட்டரிகளுக்குச் சார்ஜ் ஏற்றிக் கொடுக்கும் கடை அவளுடையது. பதினொரு மணிக்கே ஷட்டரை இறக்கிவிட்டு, கையில் ஒரு மக்ரூன் பொட்டலத்தோடு, பக்கத்துக் கடையில் வலை விற்கும் சந்தனமாரியையும் இழுத்துக்கொண்டு ‘கைப்படம்’ ஓடும் அரங்குக்குக் கிளம்பிவிடுவாள். பெரிய படமெல்லாம் அவளுக்கு ஆகாது. பேய்ப்படம் வேண்டும். அதுவும் நாலு பேர் கைக்காசைப் போட்டு, ஒரே வீட்டுக்குள் எடுத்து முடித்த சின்னப் படமாக இருக்க வேண்டும்.

பெரிய அரங்குகளில் ஓடுபவை நாடிப்படங்கள். வாசலில் ஒரு கண்ணாடியும் காதுக்குமிழும் தருவார்கள். இருக்கையின் கைப்பிடி நாடி பார்க்கும், கண்ணாடி விழியைப் பார்க்கும். நெஞ்சு எதற்கு அடித்துக்கொள்கிறதோ அந்தப் பக்கம் படம் திரும்பும். முந்நூறு பேர் ஒன்றாக உட்கார்ந்து முந்நூறு படம் பார்த்துவிட்டு வெளியே வருவார்கள். ‘நாயகன் செத்துட்டானே’ என்று ஒருவர் மூக்கைச் சிந்த, ‘எங்க செத்தான், அவனுக்குக் கல்யாணம்லா ஆச்சு’ என்று இன்னொருவர் மல்லுக்கு நிற்க, அடிதடி வரை போன பிறகு ஊர் ஒரு மரியாதையைக் கற்றுக்கொண்டது. பார்த்த படத்தின் கதையை அடுத்தவரிடம் சொல்லவும் கூடாது, கேட்கவும் கூடாது. ‘நல்லாருந்துச்சு’, ‘சுமார்தான்’ என்பதோடு வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

கைப்படம் அப்படியில்லை என்றுதான் விளம்பரம். மனிதர் எழுதி, மனிதர் நடித்து, மனிதர் எடுத்தது. எல்லாருக்கும் ஒரே படம். அங்கேயும் கண்ணாடி தருவார்கள். கேட்டால், ‘படம் துலக்கமாத் தெரியும்லா, அதுக்குத்தான்’ என்பார்கள். சுவரில் மைக்கின் நிழல் விழும். ரத்தம் தக்காளிச் சாஸ் என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும். ரெஜினாவுக்கு அந்தக் குறைகள்தான் இனிப்பு. குறை சொல்லாமல் அவளால் ஒரு வாய்ச் சோறு தின்ன முடியாது.

அதற்கு வசதியாக வெளியே வாய்ப்பெட்டி இருந்தது. விமர்சனங்களையும் இயந்திரமே எழுதித் தள்ளி, எது யார் சொன்னது என்று தெரியாமல் எல்லாம் நாறிப்போன பின் வந்த சட்டம் அது. கைப்படத்துக்கு உயிருள்ள வாயிலிருந்து வரும் கருத்து மட்டுமே செல்லும். வேடிக்கை பார்க்க வந்தவர்தான் சொல்ல வேண்டும், விவரம் தெரிந்தவர் கூடாது. சொந்தக்காரப் பாசம் புகுந்துவிடும் என்று படத்தில் இயக்குநர் பெயரும் போடுவதில்லை. பெட்டிக்குள் பேசியது பேசிய குரலிலேயே எடுத்தவர் காதுக்குப் போகும்.

“கிணத்துல விழுந்து செத்தவளுக்கு முடி எப்பிடிய்யா காஞ்சு பறக்கும்?” என்பாள் ரெஜினா பெட்டியைப் பார்த்து. “எண்ண தேச்சு சீவி விட்டாப்பல இருக்கு. பயமுறுத்தணும்னா மொதல்ல ஈரமா இரு. ரெண்டு நட்சத்திரம்.”

சந்தேகம் ஆடி மாதம் பார்த்த ஒரு படத்தில் தொடங்கியது.

படத்தில் ஓர் அடுப்படி. குளிர்பெட்டியின் கதவை நீல நைலான் கயிற்றால் கட்டியிருந்தார்கள். ரெஜினா தின்றுகொண்டிருந்த மக்ரூனை அப்படியே வாயில் நிறுத்திவிட்டாள். அவள் வீட்டுக் குளிர்பெட்டிக்கும் அதே கயிறு, அதே முடிச்சு. படத்துத் தாய் குழம்பைக் கிண்டிவிட்டுக் கரண்டியைச் சட்டி விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டினாள், ரெஜினா தட்டுவது போலவே. பின்வாசலில் நனைந்த சட்டையோடு ஓர் இளவட்டப் பேய் நின்றது. உள்ளே வராமல், தாயையே பார்த்துக்கொண்டு நின்றது.

யார் எடுத்திருப்பார்கள்? அவளுக்கு ஒரே பெயர்தான் தோன்றியது. லெரின்.

லெரின் அவள் பெற்ற ஒரே பிள்ளை. சினிமா எடுக்கிறேன் என்று சென்னைக்குப் போய் நான்கு வருடமாகிறது. போகுமுன் அவன் எடுத்த முதல் பேய்ப்படத்தை வீட்டு ஹாலில் சொந்தபந்தத்தை எல்லாம் கூட்டி வைத்துப் போட்டுக் காட்டினான். படம் முடிந்து எல்லாரும் கைதட்டப் போன நேரத்தில், “இதுக்குக் கடையில ஒக்காந்து பேட்டரி ஏத்தியிருக்கலாம்” என்றாள் ரெஜினா. அவளுக்கு வாய் நீளம், அவனுக்கு ரோஷம் நீளம். யார் முதலில் கூப்பிடுவது என்பதிலேயே நான்கு கிறிஸ்துமஸ் போய்விட்டது.

அடுத்த வெள்ளி, அதற்கடுத்த வெள்ளி என்று படங்கள் மாறின, கதை மாறியது, ஆனால் அந்த அடுப்படி மாறவில்லை. பேய்ப்பிள்ளை வாரம் ஒரு எட்டு நெருங்கி வந்தது. பின்வாசல் தாண்டியது, அம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது, ஒருநாள் தாயின் மடியில் தலை வைத்தது. படத்துத் தாய் பொறுமையே உருவானவள், ஒரு கடுஞ்சொல் சொல்லாதவள். மகன் தன்னை இப்படி நினைத்திருக்கிறானே என்று ரெஜினா பூரித்துப்போனாள். அந்த அடுப்படி வந்த படம் எதற்கும் வாய்ப்பெட்டியில் ஐந்து நட்சத்திரத்துக்குக் குறைந்து அவள் வாயிலிருந்து வரவில்லை. போனை எடுப்பாள், பிறகு வைத்துவிடுவாள். ‘அவந்தான் வாராவாரம் எங்கூடப் பேசுதானே, படத்துல வந்து சேந்துட்டாம்னா நேருலயும் வந்துருவான்’ என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொள்வாள்.

ஆனால் மஞ்சள் குடம் அவளை உறங்கவிடவில்லை. படத்து அடுப்படியில் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் குடம் இருந்தது. அதை அவள் வாங்கியதே லெரின் போன பிறகு. அவனுக்கு எப்படித் தெரியும்? வீட்டில் யாராவது கேமரா வைத்திருக்கிறார்களா என்று பரணையும் மாதா படத்தின் பின்புறத்தையும் துழாவினாள். ஒட்டடைதான் கிடைத்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, அவள் கண்ணுக்குச் சந்தனமாரியும் பேயாகத் தெரிந்தாள். இவள்தான் அவனுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் ஒப்பிக்கிறாளோ?

“ஏளா, லெரின்கூடப் பேசுதியா?”

“நீங்க பேசாம நான் எதுக்குக்கா பேசப்போறேன்?” என்றாள் சந்தனமாரி. சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தாள். கள்ளி, எதையோ மறைக்கிறாள் என்று ரெஜினாவுக்கு உறுதியாகிவிட்டது.

அதனால் ஒரு கண்ணி வைத்தாள். அந்த வாரம் வாய்ப்பெட்டிக்குள் போய், முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு பேசினாள். “எல்லாம் ரொம்பச் சரியா இருக்கு. ஒரே ஒரு குறை. அந்தத் தாயி மீன்குழம்புக்கு ஒரு கரண்டி சீனி போடுவாளே, அத ஏன் காட்டல?”

மீன்குழம்புக்குச் சீனி! கடற்கரையில் பிறந்த எவளும் கனவில்கூடச் செய்யாத காரியம். லெரின் இதைக் கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பான். அம்மாவுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று அடுத்த படத்தில் எப்படியாவது ஒரு குத்து குத்தாமல் விடமாட்டான். அவன் அவள் பிள்ளை.

அடுத்த வெள்ளி, படத்துத் தாய் சீனி டப்பாவைத் திறந்தாள். கொதிக்கிற குழம்பில் ஒரு கரண்டி போட்டுக் கலக்கினாள். பேய்ப்பிள்ளை ஒரு வாய் தின்றுவிட்டுக் கண் கலங்கச் சொன்னது: “அம்மா, ஒன் கைப்பக்குவம் யாருக்கும் வராதும்மா.”

ரெஜினா தன் கண்ணாடியைப் பிடுங்கிக் கழற்றினாள். திரையில் சும்மா ஒரு சாம்பல் வெளிச்சம் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. இருட்டில் வரிசை வரிசையாக ஆட்கள் உட்கார்ந்து தனித்தனியாக அழுதுகொண்டிருந்தார்கள். அவள் சந்தனமாரியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்து, எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்தாள்.

“ஒன் படத்துல என்ன நடந்துச்சு?”

“யக்கா! கதையவா கேக்கிய?” சந்தனமாரி சுற்றும் முற்றும் பார்த்தாள்.

“கதையத்தான் கேக்கேன். பேய் ஆரு?”

சந்தனமாரி முந்தானையைத் திருகினாள். “எங்க வீட்டுக்காரரு,” என்றாள். அவள் புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். “வாராவாரம் வாராருக்கா. மொத வாரம் வாசல்ல நின்னாரு. இன்னைக்கு எங்கூட ஒக்காந்து டீ குடிச்சாரு. எனக்கு மட்டுந்தான் காட்டுதாவன்னு நெனச்சேன். வெளிய சொன்னா வராமப் போயிருவாரோன்னு வாயத் தொறக்கல.” சொல்லிவிட்டு அழுதாள். ரெஜினாவும் அழுதாள். ஆளுக்கு ஒரு டீ ஆறிப்போனது.

கைப்படம் என்பதெல்லாம் சும்மா. மைக் நிழலையும் தக்காளிச் சாஸையும்கூட அளந்து போட்டிருக்கிறார்கள். அடுப்படியில் ஆயிரம் சாமானைக் காட்டி, கண் எதில் தங்கியதோ அதை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். மஞ்சள் குடத்தைக் காட்டிக் கொடுத்தது அவள் கண்தான், சீனியைக் காட்டிக் கொடுத்தது வாய்ப்பெட்டியில் பேசிய அவள் வாய்தான்.

“அப்பம் நாம ரெண்டு பேரும் ஒரே படம் பாத்ததே கெடையாதா?” என்றாள் ரெஜினா.

“ஒண்ணு பாத்தோம்லாக்கா. போன மாசம் ‘கண்ணாடி வேண்டாம், அப்பிடியே போங்க’ன்னு சொன்னாவளே. அந்த அறுவை.”

டீக்கடைக்காரர் பாய்லர் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தார். “அதுவா? வருசத்துக்கு ஒரு நெசமான கைப்படம் போட்டாத்தான் லைசென்ஸ் தாயி. ஆளு வராது. ஒரு காட்சியோட தூக்கிருவாங்க.”

ரெஜினாவுக்கு அந்தப் படம் மெல்ல நினைவுக்கு வந்தது. ஒரு தாய். சோற்றில் குறை, வெயிலில் குறை, டிவியில் ஓடும் பேயில் குறை சொல்லிக்கொண்டே இருப்பாள். செத்துப்போன மகன் பேயாக வந்து பக்கத்தில் உட்காருவான், அவன் வாயைத் திறக்கும்போதெல்லாம் இவள் பேசிவிடுவாள். கடைசிவரை அவன் வந்ததே அவளுக்குத் தெரியாது. பாதியில் ரெஜினா உறங்கிப்போனாள். பிறகு வாய்ப்பெட்டியில் அவள் சொன்னதும் நினைவுக்கு வந்தது. ‘இப்பிடி ஒரு கடுகடுத்த பொம்பள எந்த ஊர்ல இருக்கா? எடுத்தவன் தாயக் கண்ணால பாத்ததே இல்ல போல. ஒரு நட்சத்திரம்.’

“யக்கா,” என்றாள் சந்தனமாரி மெதுவாக. “எனக்கு அன்னைக்கே தோணுச்சு. அந்த அம்மா அப்பிடியே நீங்க. அடுத்தாளுகிட்ட கதை பேசப்படாதுல்லா, அதான் சொல்லல.”

ரெஜினா போனை எடுத்தாள். இந்த முறை வைக்கவில்லை.

மணி அடித்து ஓயப்போகும் நேரத்தில், “சொல்லும்மா,” என்றது ஒரு குரல்.

லெரின் குரல்தான். ஆனால் குரல் செய்வது இந்தக் காலத்தில் சுண்டைக்காய் வேலை. சந்தேகம் ஒருமுறை வீட்டுக்குள் வந்துவிட்டால் லேசில் இறங்கிப் போகுமா? அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“ஏல, நான் மீன்குழம்புக்குச் சீனி போடுவேன்லா?”



“சீனியா? கூறு கெட்டுப்போச்சா ஒனக்கு? எவனாவது வாயில வப்பானா? ஒன் குழம்புல உப்புதாம்மா எப்பமும் கூட. நீ கத்துவன்னு பயந்து நான் சொன்னதே இல்ல.”

இவ்வளவு நாளில் அப்படி ஒரு நல்ல வார்த்தையை அவள் கேட்டதில்லை. அவளைக் குளிரவைக்க நினைக்கும் எதுவும் அப்படிப் பேசாது. டீக்கடை பெஞ்சில், நடுப்பகலில், நாலு பேர் பார்க்க ரெஜினா வாய்விட்டு அழுதாள்.

“ஒரு நட்சத்திரம் போட்டது நீதான?” என்றான் அவன். “வாயத் தொறந்ததுமே தெரிஞ்சுபோச்சு.”

“நாந்தான்.” அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “படத்துல சவுண்டு சரியில்லல. நடுவுல இழுவை. ஆனா அந்தப் பொம்பள மட்டும் ரொம்பச் சரி.”

அவள் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றாள்.

“லெரினு, வீட்டுக்கு வால. வந்து குழம்புக்கு உப்பு பாத்துச் சொல்லு.”

இது அவள் நாடியைப் பார்த்து நடக்கிற கதையில்லை. அவன் என்ன சொல்வான் என்று அவளுக்குத் தெரியாது. நான்கு வருடத்தில் முதல்முறையாக அவள் வாயை மூடிக்கொண்டு, மகன் பேசட்டும் என்று காத்திருந்தாள்.