மணியடித்த அரண்மனை

“திருடனுக்கு வீடு விட்டிருக்கேன்னு ஊரே சிரிக்கும்! ஆயுத பூஜை வரைக்கும்தான் டைம். அப்புறம் சாமானைத் தூக்கிட்டு உன் ஊரு ஹனூருக்கே போய்ச் சேரு!”

சரசு அம்மாள் கத்திய கத்தலில் குழாயடிக் காக்கைகள் பறந்தன.

“ஏனுங்கம்மா, நான் எதுக்குங்க பெல்லைத் திருடப் போறேன்?” என்றார் கொத்தனார் பழனி.

“மூணு சைக்கிள்ல பெல் மூடியைக் காணோம். உன் சைக்கிள்ல மட்டும் இருக்கே, அது எப்படி?”

பக்கத்து வீட்டுப் பசம்மா அரிசி களைவதைப் பாதியில் விட்டு ஓடி வந்தாள். அரிசி எங்கேயும் போய்விடாது. சண்டை முடிந்துவிடுமே!

பழனியின் மகள் வினிதா அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பாவின் பெல் துருப்பிடித்தது. அடித்தால் இருமும். அதை எந்தத் திருடன் தொடுவான்? இது வேறு யாருக்கும் தோன்றவில்லை. மைசூரில் அந்த லைன் வீடுகள் எல்லாமே சரசு அம்மாளுடையவை. அவர் ஒன்று சொன்ன பிறகு மற்றவர்களுக்கு எதுவும் தோன்றுவது வழக்கமில்லை.

அது தொண்ணூற்று நாலாம் வருஷத்து நவராத்திரி. மாலையில் சரசு அம்மாள் வீட்டில் கொலு. பொம்மை பார்க்க வந்த பிள்ளையை யாரும் ‘போ’ என்று சொல்வதில்லை. அதனால் வினிதாவும் போனாள். பாதி பொம்மைக்காக, பாதி சுண்டலுக்காக.

கொலுவின் நடுவே ஓர் அட்டை அரண்மனை. சரசு அம்மாளின் மகன் ஹேமந்த் செய்தது. நிஜ அரண்மனையைப் போலவே சிவப்புக் கும்மட்டங்கள் பளபளத்தன.

“எல்லாம் எம்பையன் கைவேலை!” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார் சரசு அம்மாள்.

வினிதா குனிந்து பார்த்தாள். ஒவ்வொரு கும்மட்டத்தின் உச்சியிலும் ஓர் ஓட்டை. அதில் ஒரு பென்சில் முனை. நெயில் பாலிஷ் வாடை வேறு அடித்தது. விரலால் ஒரு சுண்டு சுண்டினாள்.

“ட்டிங்!”

சுண்டல் தின்றுகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அடுத்த வீட்டு ரத்தினவேல் எழுந்து வந்து இன்னொன்றைச் சுண்டினார். “ட்ணங்!”

“ஐயையோ, இது என் பெல்லு!”

“அய்யோ சிவனே!” என்று பசம்மா நெஞ்சில் கை வைத்தாள். சரசு அம்மாளின் கரண்டியிலிருந்து சுண்டல் தரையில் கொட்டியது.

ஹேமந்த் ஓடி வந்து அரண்மனையை மறைத்துக்கொண்டு நின்றான். “கும்மட்டத்துக்கு வேற ஒண்ணும் கிடைக்கலை. கொலு முடிஞ்சதும் மாட்டிடலாம்னு நினைச்சேன்...”

“காலையில எங்கப்பாவைத் திட்டறப்போ நீ ஜன்னல்ல நின்னு பார்த்துட்டுத்தானே இருந்தே?” என்று கேட்டாள் வினிதா.

“ஆமாம்,” என்றான் அவன்.

“போலீஸ்ல சொல்லணும்!” என்றார் ரத்தினவேல்.

“கம்பத்துல கட்டுங்க!” என்றாள் பசம்மா, ரொம்ப ஆர்வமாக.

சரசு அம்மாள் கரண்டியை ஓங்கினார். வினிதா குறுக்கே வந்தாள்.

“அடிக்காதீங்க ஆன்ட்டி. அடிச்சா இவன் அழுவான், அவ்வளவுதான். எங்கப்பா பேரு அப்படியேதானே இருக்கும்? இவனே பெல்லை மாட்டட்டும். குழாயடியில வந்து எங்கப்பாகிட்ட மன்னிப்புக் கேக்கட்டும்.”

“கேப்பான், கேப்பான்!”

“நீங்களும் ஆன்ட்டி.”

வாடகை வீட்டுப் பெண், ஓனரம்மாவிடம் இப்படி! பெல் திருட்டைவிட இதில்தான் பசம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

சரசு அம்மாள் வினிதாவை முறைத்தார். அரண்மனையைப் பார்த்தார். பிறகு மகனின் கையைப் பிடித்துக்கொண்டு குழாயடிக்கு நடந்தார். கொலுக் கூட்டம் மொத்தமும் பின்னால் போனது.

அங்கே தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பழனியின் முன்னால் ஹேமந்த் நின்று அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டான்.

“என்மேலயும் தப்புதான், பழனி,” என்று முணுமுணுத்தார் சரசு அம்மாள்.

“சத்தமே கேக்கலையே!” என்றாள் பின்னாலிருந்து பசம்மா.

இரண்டாம் முறை அடுத்த தெருவுக்கே கேட்டது. “தப்பு என்மேல! நீ எங்கேயும் போக வேண்டாம்!”

மறுநாள் காலை ஹேமந்த் ஸ்பேனரோடு உட்கார்ந்தான். நெயில் பாலிஷ் போகவே இல்லை. மூன்று சைக்கிள்களும் சிவப்புப் பெல்லோடு ஊரைச் சுற்றின. யாரும் சொல்லாமலே பழனியின் பெல்லையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவைத்தான்.

அரண்மனை மொட்டையாக நின்றது. வினிதா மூன்று தக்காளி கொண்டுவந்து கும்மட்டமாக வைத்தாள்.

வருஷங்கள் போயின. ரத்தினவேல் கல்யாணம் முடித்துக் கொள்ளேகாலுக்குப் போய்விட்டார். பசம்மா மகள் வீட்டோடு இருக்கச் சாமராஜநகர் போனாள். மகள் வீட்டுத் தெருவில் ஒரு சண்டைகூட இல்லை என்று அவளுக்கு ரொம்பக் குறையாம். ஒவ்வொரு வீடாக ஆட்கள் மாறினார்கள். காலி செய்யச் சொன்ன வீடு மட்டும்தான் காலியாகவில்லை.