பீலித் தண்ணீரில் பச்சை

கலாநிதி வீரசிங்கத்தின் கையில் சவர்க்கார நுரை இலேசாகப் பச்சை தட்டியது. பசறையில் வாங்கிய மலிவுச் சவர்க்காரம்தான் காரணம் என்று தீர்ப்பளித்தார். தீர்ப்பளிக்காமல் அவருக்கு முகம் கழுவவும் வராது.

தொழிலாளர் லயத்துப் பிள்ளைகளுக்கு வாய் வெந்துபோகிறது, மலைத் தண்ணீர் விழும் பீலியை மூடுவதா என்று சொல்லத்தான் ரப்பர்த் தோட்டம் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படிப்பிக்கும் அவரை அழைத்திருந்தது. காலையில் தொழிற்சாலைக் கழிவுக் குழியில் ஒளிரும் சாயத்தை ஊற்றினார். ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் அசிட் முழுக்க அந்தக் குழிக்குத்தான் போகும். கழிவு கசிந்தால், புறஊதாக்கதிர் விளக்கில் பீலித் தண்ணீர் பச்சையாக மின்ன வேண்டும். பொழுது சாய, கழுத்துப்பட்டியோடு இறங்கிப் போய், சனத்தை வரிசையாக நிறுத்தி, 'மூலக்கூறு' என்ற சொல்லைச் சுவைத்துச் சுவைத்துச் சொல்லிவிட்டு விளக்கைப் பிடித்தார். தண்ணீர் மின்னாமல், இருட்டில் கறுப்பாகவே ஓடியது.

“பாத்தியளோ, சுத்தமான தண்ணி. மூடத் தேவையில்லை.”

வாய் வெந்த மகளை இடுப்பில் வைத்திருந்த தனலெட்சுமி, குவளையில் பிடித்து நீட்டினாள். “அப்ப ஒரு வாய் குடிங்க ஐயா. புள்ளைக்கும் தைரியமா குடுப்பேன்.”

அத்தனை பேர் முன்னால் மறுப்பதா? குடித்தார். நாக்கு கூசியது. மலைத் தண்ணீரின் குளிர்ச்சி என்று அதற்கும் ஒரு தீர்ப்பு. மிச்சத்தை அவள் மகளுக்குப் புகட்டினாள்.

இப்போது அவர் தங்கியிருந்த தோட்டத்துப் பங்களாக் குளியலறைக் குழாயில் அதே பீலித் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஈரச் சுவரில் பூஞ்சண வாடை, தகரக் கூரையை உரசும் மழைக்கு முந்திய காற்று, கீழே லயத்தில் பிள்ளைகளுக்குச் சவர்க்காரம் தேய்த்துக் குளிப்பாட்டும் சத்தம். சும்மா, விளக்கை எடுத்து நுரைமேல் பிடித்தார்.

நுரை பச்சையாக எரிந்தது.

அந்தச் சாயம் அசிட்டில் அணையும், காரத்தில் எரியும். சவர்க்காரம் காரம். முதலாம் வருட மாணவன் இதை மறந்தால் அவர் பூச்சியம் போடுவார். பீலிக்குச் சாயம் வந்திருந்தது. கூட வந்த அசிட் அதை அணைத்திருந்தது.

ஓடிப்போய்ச் சொல்லலாம். சொன்னால், கலாநிதி பிழை விட்டதாகிவிடும். நாளைக்குப் பார்க்கலாம்.

விளக்கை அணைத்தார்.

பச்சை அணையவில்லை.

கைகளில். கண்ணாடியில். வாய்க்குள்.

கீழே சத்தம் நின்றிருந்தது. யன்னலுக்கு வெளியே, லயத்துப் பாதையில் பச்சை அசைந்தது. தலைகள். சின்னத் தோள்கள். அவர் நிறுத்திய அதே வரிசை. முன்னால் தனலெட்சுமி. இடுப்பில் தலை தொங்கிய ஒன்று, மற்ற எல்லாவற்றையும்விடப் பிரகாசமாக.

கதவுக்கு அந்தப் பக்கம் குரல். “ஐயா, இன்னொரு வாய் குடிங்க.”

கதவிடுக்கில் குவளை நீண்டது. பச்சை தளும்பியது.