காட்டேரிக்குக் கடைசி ஷாட்

"வீல்...!"

மேக்கப் பெண்ணின் அலறலில்தான் அந்தச் சிரிப்பு அடங்கியது.

புறநகரில் ஒரு மாடி வீடு. ஜன்னல்களில் கறுப்புத் துணி கட்டிப் பட்டப்பகலை இரவாக்கியிருந்தார்கள். குடும்பஸ்தர்கள் நடுவே குடிவந்த ரத்தக்காட்டேரி படும் பாடு... பேய்ச் சிரிப்புப் படம்!

கடைசி நாள். கடைசி ஷாட்.

காட்டேரியாக நடித்தவன் டைரக்டரின் தம்பி. சோபாவில் உட்கார்ந்து கோப்பை ரத்தத்தைக் குடித்துவிட்டு, 'இந்த வீட்டுக்காரருக்குச் சுகரா? இப்படி இனிக்குதே!' என்று முகம் சுளிக்க வேண்டும்.

சுளிக்கவில்லை.

தொண்டையைப் பிடித்தான். துடித்தான். தரையில் உருண்டான்.

லைட்மேன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கைதட்டினார்கள்!

முகம் துடைக்கப் போன மேக்கப் பெண்தான் முதலில் தொட்டுப் பார்த்தாள். அவன் மனைவி.

மூச்சு இல்லை...

இன்ஸ்பெக்டர் வந்தார். கூட வந்த டாக்டர் கோப்பையை முகர்ந்ததுமே சொன்னார்.

"விஷம்!"

"ரத்தம் கலக்கினது யாரு?"

"நான்தான் சார். சர்க்கரைப் பாகு, சிவப்புக் கலர்... வேற எதுவும் இல்ல." விசும்பினாள் மனைவி.

டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "ரெண்டு பேருக்கும் தினம் சண்டை சார்! பாவி... என் தம்பியை முழுங்கிட்டியேடி!"

"சண்டை எதுக்குன்னும் சொல்லுங்க மாமா! 'வேற கம்பெனி கூப்பிடுது, போங்க'ன்னு நான் சொன்னேன். 'அண்ணனை விட்டுட்டு எப்படிப் போவேன்'னு அவர் அழுதார். அதான் சண்டை!"

இன்ஸ்பெக்டர் மானிட்டரில் அந்த ஷாட்டைப் போடச் சொன்னார்.

முதல் கேமராவில், குடிக்கும் முகம். இரண்டாவது கேமரா தரையோடு தரையாக இருந்தது. உருண்டு வந்த முகம் அதன் எதிரே வந்து நின்றது. கண்கள் திறந்தபடி.

"இந்தக் கேமராவைக் கீழே வைக்கச் சொன்னது யாரு?"

கேமராமேன் டைரக்டரைத் திரும்பிப் பார்த்தார். "டைரக்டர்தான் சார். ஷாட்டுக்கு முன்னாடியே."

"சோபாவுல உட்கார்ந்தபடியே முடியற சீன்... அப்புறம் யார் விழுவாங்கன்னு கேமரா தரையில காத்துக்கிட்டு இருந்துச்சு?"

டைரக்டரின் முகம் வெளிறியது. மெல்ல, மிக மெல்ல வாய் திறந்தார்.

"என் படமெல்லாம் வரிசையா ஊத்திக்கிச்சு சார்... செத்துப்போனவன் நடிச்ச கடைசிப் படம்னா ஜனம் வரும்னு... விஷத்தைக் கலந்து நானே நீட்டினேன். 'அண்ணன் கையால வாங்கினா ராசி'ன்னு சிரிச்சுக்கிட்டே வாங்கினான்..."

அவள் கத்தவில்லை. கணவனின் உதட்டோரத்துச் சிவப்பைப் புடவை நுனியால் துடைத்தாள்.

"துடிக்கிறாருன்னு தெரிஞ்சும்... ஒரு 'கட்' சொல்லத் தோணலையா மாமா?"



இன்ஸ்பெக்டர் விலங்கை மாட்டினார்.

"கவலைப்படாதே டைரக்டர்! தியேட்டர்ல எப்படியோ... கோர்ட்டுல இந்த ஷாட்டுக்கு ஜட்ஜே ஒன்ஸ்மோர் கேப்பாரு!"